கேட்டுக் கம்பத்தில் தொங்கிய துப்பாக்கி

நெட்ரா ஸ்டக்கி தபால் எடுக்கப் போகும்போதெல்லாம் இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றி, உறையோடு கேட்டுக் கம்பத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவாள். மழையானாலும் பனியானாலும் அதுதான் வழக்கம். தெரியாதவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். தெரிந்தவர்கள் அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

அவள் வீடு ரோட்டுக்குக் கிழக்கே. தபால் பெட்டி ரோட்டுக்கு மேற்கே. நடுவில் போகிற ரோட்டுக்குப் பெயரே எல்லை ரோடு. கிழக்கே இண்டியானா, மேற்கே இல்லினாய். தபால்காரர் டெல்பர்ட் ஃபௌட்ஸ் காரை ஒரே ஓரமாக ஓட்டிக்கொண்டு போக வசதியாக எல்லா வீட்டுப் பெட்டியையும் மேற்கு ஓரத்தில்தான் நட்டிருந்தார்கள். இண்டியானாவில் நெட்ரா துப்பாக்கி வைத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன்பு லைசென்ஸ் என்று ஒன்று இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். ரோட்டைத் தாண்டினால் அதே துப்பாக்கி, அதே இடுப்பு, ஆனால் ஜெயில்.

நெட்ரா பிறந்தது டில்மன் குடும்பத்தில். அப்பா ஹார்லி டில்மன், பன்றி வளர்த்தவர். ஐந்து பெண்களில் இவள் மூன்றாவது. மற்ற நால்வரும் பன்றி நாற்றம் வேண்டாமென்று டவுன் பக்கம் கட்டிக்கொண்டு போனார்கள். இவள் மட்டும் அதே ரோட்டில், அதே தொழிலில் இருந்த கிளைடு ஸ்டக்கியைக் கட்டினாள். கிளைடு அதிகம் பேசாதவன், ஆனால் எதைச் செய்தாலும் அழுத்தமாகச் செய்வான். கேட்டுச் சங்கிலியை மாட்ட அவன் அந்தக் கம்பத்தில் ஒரு ஆணி அடித்தான். ரயில் தண்டவாளத்தில் அடிக்கிற மாதிரி ஆணி. அதுதான் இந்த ஆணி. கிளைடுக்கு ஒரே தங்கை, ஓபல். அவளை மேற்குப் பக்கத்துப் பீலர் வீட்டில் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரே மகன், ட்ரென்ட். சின்ன வயதில் கோடை லீவு விட்டால் அவன் மாமா வீட்டில்தான் கிடப்பான். பன்றிக்குட்டிகளுக்குப் பெயர் வைப்பான், விற்கும்போது அழுவான். வளர்ந்த பிறகு எப்படியோ ஆகிவிட்டான். மாத்திரை, பிறகு அதைவிட மோசமான சரக்கு, பிறகு திருட்டு. ஓபல் அவனைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். அதன்பின் அண்ணி வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினாள்.

கிளைடு பன்றிக் கொட்டகையிலேயே மாரடைத்து விழுந்து போனான். அந்த வருஷமே நெட்ரா சர்ச் விருந்துக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ கதவை உடைத்து அவன் கருவிகளையும் ஃப்ரீசரில் இருந்த இறைச்சியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். யார் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூத்த அக்காள் புருஷன் ஒரு பழைய ரிவால்வரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"தனியா இருக்கே. வெச்சுக்கோ. யாராவது வந்தா முதல்ல இது பேசட்டும்."

அது பேசியதே இல்லை. ஒரு தடவை குட்டிகளைக் கடிக்க வந்த தெருநாய்க் கூட்டத்தைப் பார்த்து ஆகாயத்தில் ஒரு வெடி, அவ்வளவுதான். ஆனால் அது இடுப்பில் இருந்தால் கொட்டகைக்குள் போக அவளுக்குப் பயம் வரவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போல, தினமும் காலையில் போட்டுக்கொள்கிற சாமானாக அது ஆகிவிட்டது.

ஆணியில் மாட்டுகிற பழக்கம் லோவல் ஹோக் விவகாரத்துக்குப் பிறகு வந்தது. லோவல் இண்டியானாக்காரர், ஸ்கூல் பஸ் ஓட்டியவர், ஒரு வம்புக்கும் போகாதவர். மேற்கே மச்சினன் வீட்டுக்குப் போகிற வழியில் டயர் பஞ்சர். காருக்குள் இருந்தவரை அவர் துப்பாக்கி சட்டப்படி சரி. டயரை மாற்றக் கீழே இறங்கினார், அது சட்டப்படி குற்றமாகிவிட்டது. அந்த வழியாக வந்த போலீஸ் உதவி செய்யத்தான் காரை நிறுத்தியது. கைவிலங்கோடு கூட்டிப் போனது. வக்கீல், கோர்ட்டு என்று அலைந்து முடித்தபோது லோவலுக்கு பஸ் வேலையும் இல்லை, வீட்டில் ஒரு துப்பாக்கியும் இல்லை. தண்டனை பெற்றவர் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்று, அவர் அப்பா மான் வேட்டைக்கு வைத்திருந்ததைக்கூட எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு பியூலா சாப்பாட்டுக் கடையில் மாசக்கணக்கில் அதே பேச்சு. ஒவ்வொருவனும் தனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னான்.

"டிக்கியில வெச்சுப் பூட்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரு சொன்னது? குண்டைத் தனியா எடுத்து வெக்கணும்."

"வேட்டை லைசென்ஸ் இருந்தா சும்மா போகலாம்டா."

"ஆமா, நீ தபால் பெட்டியை வேட்டையாடப் போறே பாரு."

கதவோர மேஜையில் பொரித்த பன்றித் துண்டும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் மார்லன் யோக்கம். மேற்குப் பக்க ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரன். அவன் அம்மாவைப் பெற்ற பாட்டியும் நெட்ராவின் அம்மா வெர்னாவும் பெரியப்பா சித்தப்பா பெண்கள். அந்த வழியில் அவன் நெட்ராவுக்கு மகன் முறை. அவளை சித்தி என்றுதான் கூப்பிடுவான்.

"மார்லன், நீயே சொல்லு. என் பெட்டி உங்க பக்கம் இருக்கு. நான் அதோட வரலாமா, கூடாதா?"

"கூடாது சித்தி."

"தபால் எடுத்துட்டு உடனே திரும்பிடுவேன்டா."

"திரும்பறதுக்குள்ள நான் பார்த்தா பிடிக்கணும். பார்க்கலைன்னா பிடிக்க மாட்டேன். ஆனா நான் பார்த்துட்டா என்னால பார்க்காத மாதிரி இருக்க முடியாது. தயவுபண்ணி என்னை அப்படி ஒரு இடத்துல நிறுத்தாதீங்க."

பியூலா காபி ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்போ உனக்கே ஒரு ஆபத்துன்னா? இவ இந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பார்க்கணுமா?"

மார்லன் சிரித்தான். "அதுல ஒரு வேடிக்கை இருக்கு. எங்க பக்கம் போலீஸ்காரன் உதவின்னு கூப்பிட்டா, முடிஞ்சவங்க வந்தே ஆகணும். வரலைன்னா அபராதம்."

"வரணும். ஆனா துப்பாக்கியோட வரக் கூடாது," என்றாள் நெட்ரா.

"அப்படித்தான் நினைக்கிறேன். நிச்சயமா தெரியணும்னா வக்கீலைக் கேளுங்க. அவருக்கும் தெரியாது. ஆனா அவர் காசு வாங்கிட்டுத் தெரியாதும்பாரு."

கடையே சிரித்தது. நெட்ரா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஆணியில் மாட்ட ஆரம்பித்தாள்.

இதைக் கண்டு மிகவும் குஷியானவர் டெல்பர்ட். அவரும் நெட்ராவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சின்ன வயதில் அவர் அவளைப் பெண் கேட்க நினைத்ததாகவும் கிளைடு முந்திக்கொண்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. கார் ஜன்னலில் இருந்து கத்துவார்:

"நெட்ரா! உன் ஆளு தூக்குல தொங்கறான்!"

"நீ உன் வேலையைப் பாரு. போன வாரம் என் விதைப் புத்தகத்தை எந்த வீட்ல போட்டே?"

"உன் துப்பாக்கியை யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"நீதான் பார்க்கிறியே, நீதான் திருடன்னு சொல்லிடுவேன்."

அந்த ரோட்டில் எல்லாருக்கும் அது தெரிந்த விஷயம். கம்பத்தில் உறை தொங்கினால் நெட்ரா மேற்கே போயிருக்கிறாள், கையில் ஒன்றும் இல்லை. உறை இல்லையென்றால் கொட்டகையில் இருக்கிறாள். ஆள் தேடி வருகிறவர்கள் முதலில் கம்பத்தைத்தான் பார்ப்பார்கள்.

மார்ச் மாதம். பனி உருகி ரோட்டோரப் பள்ளம் முழுக்கச் சேறு. இரண்டு தாய்ப்பன்றிகள் குட்டி போட்டிருந்த முற்பகல். நெட்ரா கையைக் கழுவிவிட்டு, தபால் வந்திருக்குமா என்று பார்க்கக் கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். எதிரே, அவள் பெட்டிக்குக் கொஞ்சம் தெற்கே, ஒரு பழைய கார் மூக்கைப் பள்ளத்தில் குத்திக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ஷெரிஃப் கார், விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. யாரோ சறுக்கி விழுந்திருக்கிறார்கள், மார்லன் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் சாவகாசமாக நடந்தாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. இரும்பு எதன் மேலோ விழுகிற சத்தம். அதோடு ஒரு மனிதக் குரல்.

அவள் ஓடினாள். அறுபதைத் தாண்டியவள், முழங்கால் வலிக்காரி, ரப்பர் பூட்ஸோடு ஓடினாள். கேட்டைத் தள்ளினாள். பள்ளத்துக்குள் இரண்டு பேர் புரள்வது தெரிந்தது. ஒருவன் மார்லன், சட்டை நிறத்தில் தெரிந்தது. மேலே கிடந்தவன் தலையை மூடிய கறுப்பு பனியன் போட்டவன், முகம் தெரியவில்லை. டயர் கழற்றுகிற இரும்புக் கம்பி ஒன்று சேற்றில் செருகிக்கொண்டு நின்றது.

ரோட்டின் நடுக்கோட்டை மிதித்தபோது அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. இடுப்பில் ஒன்றும் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். துப்பாக்கி கம்பத்தில் தொங்கி இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. எப்போது கழற்றினாள், எப்போது மாட்டினாள், அவளுக்கே தெரியாது. அவள் ஓடிய ஓட்டத்தில் கை தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருந்தது.

திரும்பி ஓடி எடுக்கலாம். எட்டும் தூரம்தான். எடுத்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். லோவல் ஹோக் மனசில் வந்தாரோ இல்லையோ, அவள் கால் ஒரு கணம் கிழக்கே திரும்பியது நிஜம்.

"சித்தி!" பள்ளத்திலிருந்து மார்லன் கத்தினான். வாயில் ரத்தம், சொல் உடைந்து வந்தது. "உதவி! துப்பாக்கி... என் துப்பாக்கியை..."

மேலே கிடந்தவனின் கை மார்லன் இடுப்பு உறையில் இருந்தது. மார்லன் இரண்டு கையாலும் அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தான். இரண்டு கையும் அங்கே போனதால் அவன் முகத்தைக் காப்பாற்ற கை இல்லை. அந்த முகத்தில் குத்து விழுந்துகொண்டே இருந்தது.

அவள் மேற்கே போனாள்.

பன்றி பிடிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். தன்னைவிட மூன்று மடங்கு கனமான ஜீவனைத் தள்ளியும் பயனில்லை, அடித்தும் பயனில்லை. பின்னங்காலைத் தூக்கிவிட்டால் அது போக முடியாது. நெட்ரா பள்ளத்தில் இறங்கி அந்த ஆளின் ஒரு காலைக் கணுக்காலில் பிடித்து, தூக்கி, திருகி, தன் அக்குளுக்குள் வைத்து அழுத்தினாள். அவன் வயிற்றோடு சேற்றில் விழுந்தான். விழும்போதே மார்லனின் துப்பாக்கியை உறையிலிருந்து உருவிக்கொண்டு விழுந்தான்.

உருவிய கை சேற்றில் வழுக்கியது. துப்பாக்கி அவன் விரலை விட்டு நழுவி நெட்ராவின் பூட்ஸுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் திரும்பி அதைத் துழாவினான். அவள் குனிந்தாள். அவள் கைதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

ஒரு கையில் அவன் கால், மறு கையில் போலீஸ் துப்பாக்கி. அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தலையை மூடியிருந்த துணி விலகியிருந்தது.

"அத்தை," என்றான் ட்ரென்ட் பீலர்.

கன்னம் ஒட்டி, பல் கறுத்து, கிழவன் மாதிரி இருந்தான். ஆனால் கண் அதே கண். ஓபலின் கண், கிளைடின் கண்.

"விடு அத்தை. நான் ஓடிடறேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. விடு."

"ஆயிடுச்சேடா. அவனைப் பாரு."

"அதைக் குடு அத்தை."

"எதை?"

"அதைக் குடுன்னு சொல்றேன்!"

அவன் காலை உதறினான். அவள் பின்னால் சாய்ந்தாள், விடவில்லை. துப்பாக்கியை வைத்துக்கொண்டு இந்தக் காலைப் பிடிக்க முடியாது, ஒரு கை போதாது. கீழே போட்டால் அவன் எடுப்பான். அவள் கையை வீசி, பலம் உள்ள மட்டும் எறிந்தாள். போலீஸ் துப்பாக்கி ரோட்டுக்கு மேலே பறந்து போய் அவள் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்துப் புல்லில் விழுந்தது.

பிறகு இரண்டு கையாலும் காலைக் கட்டிக்கொண்டு அவன் முதுகில் உட்கார்ந்தாள்.

"மார்லன்! டேய், மார்லன்! மூச்சு விடறியா?"

ஒரு கொரகொரப்பு மட்டும் வந்தது. மார்லன் சாய்ந்த பக்கத்தில் சேற்றுத் தண்ணீர், வாயருகே வரை. அவனை நிமிர்த்தப் போக வேண்டும். எழுந்தால் இவன் எழுவான்.

"ட்ரென்ட், அவன் தண்ணியில மூழ்கறான். ஒரு நிமிஷம் சும்மா இருக்கியா?"

"நீ எழுந்திரு அத்தை, நான் சும்மா இருக்கேன்."

அதை அவள் நம்ப நினைத்தாள். பன்றிக்குட்டிக்குப் பெயர் வைத்தவன்தானே. ஆனால் அவள் தொடைக்குக் கீழே அவன் முதுகு வில் மாதிரி இறுகுவது தெரிந்தது. அவள் எழவில்லை. ஒரு பூட்ஸை மட்டும் நீட்டி, மார்லன் தோளுக்கு அடியில் கொடுத்து, நெம்பி, அவன் முகத்தை ஆகாயத்தைப் பார்க்க வைத்தாள். கொரகொரப்பு இருமலாக மாறியது. அந்த இருமலைவிட நல்ல சத்தம் அவள் கேட்டதில்லை.

அப்போது தெற்கிலிருந்து இன்னொரு போலீஸ் கார் சீறிக்கொண்டு வந்து நின்றது. மார்லன் ரேடியோவில் கூப்பிட்டதைக் கேட்டுப் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த இளம் போலீஸ்காரி, ஜோலின் என்று பிற்பாடு பெயர் தெரிந்தது. இந்த ரோட்டில் யாரையும் தெரியாதவள். அவள் கண்டது இவ்வளவுதான்: ரத்தத்தில் கிடக்கும் போலீஸ்காரர், அவர் இடுப்பில் காலி உறை, பக்கத்தில் சேறு பூசிய இரண்டு பேர். கதவுக்குப் பின்னால் நின்று துப்பாக்கியை நீட்டினாள்.

"கையைத் தூக்கு! ரெண்டு பேரும்! கையைத் தூக்கு!"

"தூக்க முடியாதும்மா," என்றாள் நெட்ரா. "தூக்கினா இவன் ஓடிடுவான்."

"கையைத் தூக்குன்னு சொன்னேன்!"

"இவ என்னைக் கொல்றா!" என்று கீழேயிருந்து ட்ரென்ட் கத்தினான். "போலீஸை அடிச்சது இவதான்! காப்பாத்துங்க!"

"அடப்பாவி," என்றாள் நெட்ரா.

"அவர் துப்பாக்கி எங்கே?" ஜோலினின் குரல் கீச்சிட்டது. "அவரோட துப்பாக்கி எங்கே? சொல்லு!"

"இண்டியானாவில."

ஜோலின் விரல் இறுகுவதை நெட்ரா பார்த்தாள். தான் சொன்னது பைத்தியக்காரி சொல்வது மாதிரி இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கையை விட்டால் மார்லன் போனான், விடாவிட்டால் இவள் போனாள். அவன் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

டெல்பர்ட் தபால் கார் வடக்கிலிருந்து வந்து அப்படியே ரோட்டில் நின்றுவிட்டிருந்தது. ஜன்னல் வழியாக இரண்டு கையையும் வெளியே நீட்டியிருந்தார். ஒரு கையில் நெட்ராவின் தபால்.

"சுடாதேம்மா! சுடாதே!"

"கார்லயே இரு! இறங்காதே!"

"இறங்கலை! நான் தபால்காரன், என்கிட்ட ஒண்ணும் கிடையாது, எங்களுக்குத் துப்பாக்கியே கூடாது! அவ நெட்ரா! அந்தக் கம்பத்தைப் பாரும்மா! உனக்கு வலது பக்கம், அந்த வீட்டுக் கம்பம்! தொங்குது பாரு!"

"என்ன தொங்குது?"

"அவ துப்பாக்கி! அது அங்க தொங்குனா இவ கையில ஒண்ணும் இருக்காது! இந்த ரோடு பூராக் கேளு! வருஷக்கணக்கா நான் சிரிச்சுட்டிருக்கேன்! அவகிட்ட ஒண்ணும் இல்லைம்மா, அவகிட்ட ஒண்ணுமே இல்லை!" கடைசி வார்த்தையில் டெல்பர்ட் அழுதுவிட்டார்.

ஜோலின் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். கம்பத்தில் பழைய தோல் உறை, அதில் கைப்பிடி தேய்ந்த ரிவால்வர். கீழே புல்லில் சேறு பூசிய போலீஸ் துப்பாக்கி. அவள் மூச்சை இழுத்து விட்டாள். கதவை விட்டு வெளியே வந்து, பள்ளத்தில் இறங்கி, ட்ரென்டின் ஒரு கையில் விலங்கு மாட்டினாள்.

"இன்னொரு கையைக் குடு. குடு."

"குடுடா," என்றாள் நெட்ரா, அவன் காதருகே குனிந்து. "போதும். குடுத்துடு."

அவன் கொடுத்தான். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் வரவில்லை. ஜோலின் ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டே மறு கையால் அவளைத் தூக்கிவிட்டாள்.

மார்லன் பிழைத்தான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள், இடது காது கேட்காமல் போய்விட்டது. விசாரிக்க மேற்கிலிருந்து ஒரு ஆபீசர் நெட்ராவின் சமையலறைக்கு வந்தார். பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள், சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், எழுதிக்கொண்டார்.

"மார்லனோட துப்பாக்கி எப்படி ரோட்டைத் தாண்டிச்சு?"

"நான் எறிஞ்சேன்."

"பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வயல் இருக்கே. அங்க எறிஞ்சிருக்கலாமே. ஏன் இந்தப் பக்கம்?"

"உங்க பக்கம் நான் துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாதே."

அவர் எழுதுவதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்துகொண்டார்.

"கொஞ்ச நேரம் என் கையில இருந்தது," என்றாள் அவள். "அது குத்தமா?"

"அதை நீங்க என்கிட்ட சொல்லலை," என்றார் அவர். "அந்த ரொட்டி இன்னொண்ணு இருக்கா?"

பியூலா கடை இரண்டாகப் பிரிந்தது. துப்பாக்கியோடு போயிருந்தால் ஜோலின் அவளைச் சுட்டிருப்பாள் என்று ஒரு பாதி. துப்பாக்கியோடு போயிருந்தால் மார்லனின் காது பிழைத்திருக்கும் என்று மறு பாதி. மார்லன் மனைவி கிறிஸ்டா இந்த மறு பாதியில் இருந்தாள். கடையில் நெட்ரா இருக்கும்போதே சொன்னாள்: "கண்ணுக்கு முன்னால புருஷன் சாகறான், இவங்க ஆணியைத் தேடி மாட்டிட்டு வர்றாங்க." நெட்ரா மாட்டவில்லை, அவள் கை மாட்டியது என்றால் யார் நம்புவார்கள்? மார்லன்தான் கட்டிய தாடையோடு, பல் இடுக்கில் பேசினான். "நான் கூப்பிட்டேன். வந்தாங்க. விடு."

டெல்பர்ட் மட்டும் அதற்குப் பிறகு கம்பத்தைப் பார்த்துக் கத்துவதில்லை. ஹாரனை ஒரு தடவை தட்டுவார், போவார்.

ஏப்ரலில், உழவு தொடங்குவதற்கு முன், ஒரு கார் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. ஓபல். பல வருஷத்துக்குப் பிறகு. மகனுக்கு எத்தனை வருஷம் ஜெயில் என்று அந்த வாரம்தான் தீர்ப்பாகியிருந்தது. கார் சீட்டில், துணியில் சுற்றிய ஒரு பாத்திரம். கீழே இறங்கினாள், ஆனால் கேட்டுக்குள் வரவில்லை. நெட்ரா கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வா ஓபல்."

ஓபல் அவளைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் முகத்தைப் பார்த்தியா? காலைப் பிடிக்கறதுக்கு முன்னால?"

"இல்லை. பிடிச்ச பிறகுதான்."

"அன்னிக்குத் துப்பாக்கி உன் இடுப்புல இருந்திருந்தா?"

நெட்ராவுக்குப் பொய் சொல்லத் தெரியும், எல்லாரையும்போல. அன்றைக்கு வாய் வரவில்லை.

"முகம் தெரியலையே ஓபல். மார்லன் கத்தறான். சுட்டிருப்பேன்."

ஓபல் தலையாட்டினாள். அதைக் கேட்கத்தான் வந்தவள் போல. கையை நீட்டி ஆணியைத் தொட்டாள், ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"கிளைடு அடிச்சதா?"

"ஆமா. கேட்டுச் சங்கிலிக்கு."

"ஆழமா அடிச்சிருக்கான்," என்றாள் ஓபல். காருக்குப் போய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தாள்.